சின்னக் காயம்தானே என்று சும்மா விடாதீர்கள்!

 

"அட, இது ஒரு காயமா? ரெண்டு நாளில் தானா ஆறிடும்." இந்த வார்த்தையைச் சொல்லாத தொழிலாளி நம்மில் யாராவது உண்டா? விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குகிறோம். பால் வெட்டும் கத்தி விரலைக் கீறுகிறது. செம்பனை மட்டையின் முள் உள்ளங்கையில் ஏறுகிறது. தகரம், கம்பி, கண்ணாடித் துண்டு, அட்டைக்கடி என்று எதைத்தான் கணக்கில் வைப்பது? தலைத்துண்டில் ஒரு ஓரத்தைக் கிழித்துச் சுற்றிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறோம். அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலை நமக்கு.

பெரும்பாலான காயங்கள் ஆறித்தான் போகின்றன. ஆனால் ஆறாத காயமும் உண்டு. அது முதலில் விரலைக் கேட்கும், பிறகு பாதத்தைக் கேட்கும், கடைசியில் ஆளையே கேட்கும். காயம் எப்படி ஆறுகிறது, வேலைக்காட்டில் உடனே என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம். நாம் அதிகம் பேசாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் காயத்தைக் கட்டுகிறவருக்கு என்ன வேண்டும்? அதையும் பேசுவோம்.

டிரஸ்ஸர் என்ற பெயர்

பழைய தோட்டங்களில் மருந்து கொடுத்தவரை நாம் "டிரஸ்ஸர்" என்றுதான் கூப்பிட்டோம். காயத்தைக் கழுவித் துணி கட்டுகிறவர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். காய்ச்சலுக்கும் வயிற்றுப் போக்குக்கும் அவரே மருந்து கொடுத்தார், ஆனால் பெயர் வந்தது காயம் கட்டும் வேலையால். தோட்டத்தில் எந்த வேலை அதிகம் என்பது இதிலிருந்தே விளங்குகிறதல்லவா?

வெள்ளைக்காரன் காலத்துத் தொழிற்சட்டங்கள், குறிப்பாக 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது வைத்தன. சுதந்திரத்துக்குப் பிறகு, தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965-இல் வந்தது. பெரியவர்களுக்கு அந்த டிஸ்பென்சரி அலமாரி நினைவிருக்கும். சிவப்பு மருந்து, ஊதா மருந்து, மஞ்சள் தண்ணி, அயோடின், பெரிய பஞ்சுச் சுருள். எரியும் மருந்துதான் நல்ல மருந்து என்று நம் தாய்மார்கள் நம்பினார்கள்.

பிறகு நிலைமை மாறியது. தோட்டங்கள் துண்டு போடப்பட்டன. ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை வந்தது, பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயம் போனது, டிஸ்பென்சரியும் போனது. பேராக்கில் சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா, சிலிம் ரிவர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இன்று அரசாங்க சுகாதாரக் கிளினிக்தான் டிரஸ்ஸர் வீடு. பெரிய காயமென்றால் அந்தந்த ஊர் ஆஸ்பத்திரி, அதற்கும் மேலென்றால் ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. கொட்டகைக்குப் பக்கத்திலேயே டிரஸ்ஸர் இருந்த காலம் போய்விட்டதால், முதல் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியதை நாமே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காயம் ஆறுவது எப்படி?

பால் வெட்டும் தோழருக்கு இதை விளக்குவது சுலபம். நல்ல வெட்டுக்காரர் பட்டையை மட்டும் சீவுவார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய உயிர்த்தோலைத் தொடமாட்டார். அந்தத் தோல் பிழைத்திருந்தால் பட்டை மறுபடி வழவழவென்று வளரும். கத்தி ஆழமாக இறங்கிவிட்டாலோ மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும், அந்த இடத்தில் பிறகு சரியாக வெட்ட முடியாது. மனித உடம்பும் ஏறக்குறைய இப்படித்தான். புதுத் தோலை உண்டாக்கும் உயிருள்ள சதையைக் காப்பாற்றினால் காயம் நன்றாக ஆறும். அதைக் கெடுத்தால் தழும்பும் புண்ணும்தான் மிச்சம்.

காயம் பட்டதும் உடம்பு நாலு கேங் ஆட்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறது.

முதல் கேங் இரத்தத்தை அடைக்கும். சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகும்.

இரண்டாம் கேங் துப்புரவுக்காரர்கள். இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த சதையையும் தின்று ஒழிக்கும். முதல் மூன்று நாலு நாள் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் சூடு இருப்பது இவர்கள் வேலை செய்வதால்தான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மூன்றாம் கேங் கட்டுமானக்காரர்கள். காயத்தின் அடியில் சிவப்பாக, பொடிப் பொடியாக, ஈரப்பசையோடு புதுச் சதை எழும்பும். அது நல்ல சதை. ஓரங்களிலிருந்து தோல் மெல்ல நகர்ந்து வந்து அதை மூடும். இந்த வேலைக்கு வாரக் கணக்காகும்.

நாலாம் கேங் பலப்படுத்துகிறவர்கள். மேலே மூடிய பிறகும் உள்ளே ஒரு வருடம் வரை வேலை நடக்கும். அப்படியும் தழும்பின் பலம் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 விழுக்காட்டைத் தாண்டாது. ஆறிவிட்டதே என்று மறுநாளே அந்தக் காலில் பாரம் ஏற்றக்கூடாது என்பது இதனால்தான்.

காற்றாட விடலாமா?

"புண்ணைத் திறந்து போடு, காத்துப் பட்டாத்தான் காயும்" என்று பாட்டி சொல்வார். பக்கு கட்டினால் ஆறிவிட்டது என்று அர்த்தம் செய்து கொள்கிறோம். டாக்டர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் லண்டனில் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றை மெல்லிய தாளால் மூடி ஈரப்பசையோடு வைத்தார். மூடி வைத்த காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. காய்ந்த பக்கு புதுத் தோலுக்குத் தடைச் சுவராகிவிடுகிறது. தோல் அதன் அடியில் புகுந்து சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே இன்றைய முறை இதுதான்: காயம் சுத்தமாக இருக்க வேண்டும், மூடியிருக்க வேண்டும், இலேசான ஈரப்பசையோடு இருக்க வேண்டும். சொதசொதவென்றும் இருக்கக் கூடாது, பொரிந்தும் போகக் கூடாது. எரியும் மருந்தும் இப்போது குறைந்துவிட்டது. கடுமையான கிருமிநாசினி கிருமியைக் கொல்லும்போது பக்கத்தில் முளைக்கும் புதுச் சதையையும் சேர்த்துக் கொல்கிறது. கிளினிக்கில் உப்புத் தண்ணீர் போன்ற ஒன்றால் கழுவுகிறார்களே, "மருந்தே போடாமல் அனுப்பிவிட்டார்கள்" என்று குறை சொல்லாதீர்கள். நல்ல முறையில் கழுவுவதே பாதி வைத்தியம்.

வேலைக்காட்டில் உடனே செய்ய வேண்டியவை

1. இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். "நின்னுடுச்சா?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தால் உறைந்த இரத்தம் பிய்ந்து மறுபடி கொட்டும். கையையோ காலையோ உயர்த்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொரு துணியை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அழுத்திய கையை எடுக்காமலே 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

2. இரத்தம் நின்றதும் குடிக்கக்கூடிய தண்ணீரால் தாராளமாகக் கழுவுங்கள். கால்வாய்த் தண்ணீர், கித்தா வாளி கழுவிய தண்ணீர் உதவாது. வீட்டிலிருந்து கொண்டு வந்த போத்தல் தண்ணீர் போதும். மண், மரத்தூள் எல்லாம் போகும் வரை கழுவ வேண்டும். கழுவும் முன் கழுவுகிறவர் தன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

3. சுத்தமான துணியோ பஞ்சுத் துணியோ வைத்து மூடிக் கட்டுங்கள். விரல் நுனி நீலம் பாரிக்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

4. ஆழமாக ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அரிவாள் நுனியோ கம்பியோ உள்ளே இருக்கும்போது அதுவே இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாமல் சுற்றிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

5. செம்பனை முள் மேலாக இருந்தால் எடுத்துக் கழுவலாம். முறிந்து உள்ளே தங்கிவிட்டாலும், விரல் கணுவுக்கோ முழங்காலுக்கோ பக்கத்தில் ஏறியிருந்தாலும் ஊசியை வைத்து நோண்டாதீர்கள். கணுவுக்குள் தங்கிய முள் மாதக் கணக்கில் வீக்கம் தரும்.

6. ஆசிட் பட்டால் — பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் பட்ட தோழர்களுக்கு அதன் எரிச்சல் தெரியும் — நனைந்த உடையைக் களைந்துவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் பிடியுங்கள். கண்ணில் பட்டால் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு நேரே ஆஸ்பத்திரி. கொதிதண்ணி, நெருப்புச் சூட்டுக் காயத்துக்கும் இதே 20 நிமிடத் தண்ணீர்தான் முதல் மருந்து. ஐஸ் கட்டி வேண்டாம்.

7. நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, ஆளையும் நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செய்யவே கூடாதவை

காப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய், சாம்பல், சிலந்தி வலை — இவற்றில் எதுவும் காயத்துக்கு மருந்தல்ல. இரத்தம் நிற்பதுபோலத் தோன்றும், ஆனால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறோம். பிறகு அந்தக் கலவையைச் சுரண்டி எடுப்பதற்கே தாதிக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த வலியும் உங்களுக்குத்தான். சூட்டுக் காயத்தில் பற்பசை பூசுவதும் இந்த ரகம்தான்.

"மஞ்சள்கூடவா?" என்று கேட்பீர்கள். மஞ்சள் நல்ல பொருள்தான், சமையலில் தாராளமாகப் போடுங்கள். அடுக்களை டப்பாவில் உள்ள தூள் கிருமி நீக்கியதல்ல, அதைத் திறந்த காயத்தில் கொட்டக் கூடாது. தேனும் அப்படியே. ஆஸ்பத்திரியில் சில புண்களுக்குத் தேன் போடுவதுண்டு. அது காயத்துக்கென்றே சுத்தம் செய்யப்பட்ட தேன், கடைப் போத்தல் தேன் வேறு.

மீதமிருந்த மாத்திரையைப் பொடித்துக் காயத்தில் தூவுவது, பக்கத்து வீட்டுக்காரரின் ஆன்டிபயாடிக்கை வாங்கி ரெண்டு விழுங்குவது, இவையும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத மூன்று எதிரிகள்

முதலாவது, வாய்ப்பூட்டு நோய் எனும் டெட்டனஸ். இந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. துருப்பிடித்த ஆணியில் மட்டுந்தான் வரும் என்பது தவறு, முள் குத்தினாலும் வரும். தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து, மூச்சு அடைத்துச் சாக நேரிடும். ஆனால் ஊசியால் முழுக்கத் தடுக்கக் கூடிய நோய் இது. நம் நாட்டில் குழந்தைப் பருவத்திலும், 7 வயதிலும், 15 வயதிலும் இந்த ஊசி போடுகிறார்கள். அதற்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் போட்டுக்கொண்டோம்? பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அழுக்கு ஏறிய காயமென்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே டாக்டர் மறுபடி போடச் சொல்வார். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அடையாளக் கார்டோடு வையுங்கள்.

இரண்டாவது, எலிச் சிறுநீர்க் காய்ச்சல். செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. அதன் சிறுநீர் கலந்த சேறும் தண்ணீரும் காலில் உள்ள வெடிப்பிலும் கீறலிலும் பட்டுக் கிருமி உள்ளே போகிறது. சில நாள் கழித்துக் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. டாக்டரிடம் போகும்போது "நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன், காலில் காயம் இருந்தது" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றக்கூடும்.

மூன்றாவது, மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி. மழைக்காலத்தில் இதன் தொல்லை அதிகம். இனிப்பு நீர் உள்ளவர்களை இது கடுமையாகத் தாக்கும். மூன்றுக்கும் காப்பு ஒன்றுதான்: காலில் பூட்ஸ், கையில் கையுறை, காயத்தின் மேல் தண்ணீர் புகாத கட்டு.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனத்துக்கு

நம் நாட்டில் 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. அதாவது ஆறு பேரில் ஒருவர். நம் இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். இந்த நோய் முற்றினால் காலில் உணர்ச்சி மங்கும், இரத்த ஓட்டமும் குறையும். பூட்ஸுக்குள் கல் கிடந்து நாள் முழுக்கக் குத்தினாலும் தெரியாது. மாலையில் காலுறையில் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

வலி இல்லாத புண் எவ்வளவு ஆபத்து என்பதை உலகத்துக்கு விளக்கிய இடம் நம் தமிழ்நாடு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேயர், 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினால் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவர் கூர்ந்து கவனித்தார். உணர்ச்சி இல்லாததால் நோயாளிகள் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்தார்கள், புண்ணான காலோடு நடந்துகொண்டே இருந்தார்கள், இரவில் எலி கடித்தும் விழிக்காமல் தூங்கினார்கள். அழுக வைத்தது நோய் அல்ல, கவனிக்காமல் விட்ட காயம்தான் என்று அவர் கண்டுகொண்டார். காலுக்குப் பாரம் தாங்காத அளவுக்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறியது. மென்மையான ரப்பரில் செருப்பு செய்து போட்டதும் புண் திரும்ப வருவது குறைந்தது. அங்கே கற்ற பாடம்தான் இன்று உலகெங்கும் இனிப்பு நீர்க்காரர்களின் காலைக் காப்பாற்றுகிறது. நம் தொழிலாளி வடித்த பால் போன்ற ரப்பர்தான் இந்தக் காலுக்கும் காவல்!

ஆகவே இனிப்பு நீர் உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வையுங்கள், அல்லது மகளையோ பேரனையோ பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். பூட்ஸைத் தலைகீழாகத் தட்டிவிட்டு, உள்ளே கையை விட்டுப் பார்த்துப் போடுங்கள். காலைச் சுடுதண்ணீரில் ஊற வைக்காதீர்கள், சுடுவது உங்களுக்குத் தெரியாது. காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள். ஒரு கொப்புளம் வந்தாலும் அது அவசரம்தான். முறையாகக் கட்டிவரும் பாதப் புண் நாலு வாரத்தில் பாதி அளவுக்காவது சுருங்க வேண்டும். சுருங்கவில்லையென்றால் "பெரிய டாக்டரிடம் எழுதிக் கொடுங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள்.

சாப்பாடும் மருந்தே

1942-43-இல் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் பேரைக் கொண்டு போனான். 415 கிலோமீட்டர் பாதை அது. அங்கே காலராவும் மலேரியாவும் கொன்றது போகப் புண்ணும் கொன்றது. மூங்கில் கீறிய சின்னக் கீறல் சில நாளில் எலும்பு தெரியும் புண்ணாகியது. காலையே வெட்டி எடுக்க வேண்டிய நிலை பலருக்கு வந்தது. காரணம் என்ன? கட்டத் துணி இல்லை, கழுவ மருந்து இல்லை, வயிற்றுக்குச் சோறும் இல்லை. சத்தில்லாத உடம்பில் கட்டுமானக் கேங் வேலை நிறுத்தம் செய்துவிடும்.

ஆகவே காயம் ஆறும் வரை முட்டை, மீன், நெத்திலி, பருப்பு, கீரை, பழம் நன்றாகச் சேருங்கள். "புண் இருக்கும்போது முட்டையும் மீனும் ஆகாது, சீழ் பிடிக்கும்" என்று பத்தியம் வைப்பது நேர்மாறான வேலை. சிகரெட் இரத்தக் குழாயைச் சுருக்கிக் காயத்தைப் பட்டினி போடும், அதை நிறுத்துங்கள். கள்ளும் சம்சுவும் வேண்டாம்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

பத்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை. காயம் பிளந்து உள்சதை தெரிகிறது. விரலை மடக்க முடியவில்லை, அல்லது மரத்துப் போகிறது. சிவப்பு நாளுக்கு நாள் பரவுகிறது, அல்லது கோடுபோல மேலே ஏறுகிறது. சீழ், நாற்றம், குளிர் காய்ச்சல். காயத்தின் அளவுக்கு மீறிய வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். தையல் போட வேண்டிய காயமென்றால் சில மணி நேரத்துக்குள் போனால்தான் நல்லது.

காயத்தை எழுதி வையுங்கள்

சங்கத் தோழர்களுக்கு இது மிக முக்கியம். வேலையில் பட்ட காயம் எவ்வளவு சிறியதானாலும் அன்றைக்கே மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்லுங்கள், சொன்னதை எழுதச் செய்யுங்கள், சாட்சி யார் என்றும் குறித்து வையுங்கள். விபத்தைப் பற்றித் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் குறைந்தது நாலு நாள் மருத்துவ விடுப்பு எழுதினால், சராசரிச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைப் பணமாக உங்களுக்குச் சேரும். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக் காப்பு உண்டு, பக்கத்து நிரையில் வேலை செய்யும் அந்தத் தோழருக்கும் சொல்லுங்கள். முதல் நாள் சொல்லாமல் விட்டு, மூன்று வாரம் கழித்து விரலை எடுக்க நேர்ந்தால், "அது வீட்டில் பட்ட காயம்" என்று யாராவது சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

தாதிக்குக் காயம் பட்டால்?

பேராக் மாநிலத்தில் காயம் கட்டிய கைகளைப் பற்றிப் பேசும்போது சிபில் கார்த்திகேசுவை மறக்க முடியாது. 1899-இல் மேடானில் பிறந்தவர், தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். இலங்கைத் தமிழ் வழிவந்த தன் கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவோடு ஈப்போ புரூஸ்டர் ரோட்டில் கிளினிக் நடத்தினார். ஜப்பான்காரன் வந்ததும் குடும்பம் பாப்பான் என்ற சிற்றூருக்குப் போனது. அங்கே ஊர் ஏழைகளுக்கும், இரவில் காட்டிலிருந்து இரகசியமாக வந்த எதிர்ப்புப் படையினருக்கும் அவர் காயம் கட்டினார். 1943-இல் ஜப்பானிய இராணுவப் போலீஸ் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. பத்து காஜா சிறையில் கிடந்தார், யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. 1945-இல் விடுதலையாகி, சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். வீரத்துக்காக ஜார்ஜ் பதக்கம் பெற்றார். ஆனால் பூட்ஸ் காலால் உதைபட்டு உடைந்த தாடையின் காயம் நஞ்சேறி, 1948 ஜூன் 12-இல் அங்கேயே காலமானார். மறு ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. ஊரார் காயத்தையெல்லாம் ஆற்றியவரின் காயம் ஆறவில்லை.

அது போர்க்காலம். ஆனால் இன்றும் நாம் "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று கூப்பிடும் தாதியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பாதப் புண்ணை முறையாகக் கழுவி, செத்த சதையை நீக்கி, அளந்து எழுதி, கட்டி முடிக்கக் குனிந்த முதுகோடு வெகுநேரம் பிடிக்கும். வெளியே இருபது பேர் காத்திருப்பார்கள். நாற்றத்தை முகத்தில் காட்டக் கூடாது. ஊசி தவறித் தன் விரலில் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி தனக்கே வரலாம். அந்த நேரத்தில் நாம், "எவ்வளவு நேரம்மா உட்கார வைப்பே?" என்று கத்துகிறோம்.

தாதியருக்கு நாம் செய்யக் கூடிய உதவி பெரிய காரியமல்ல. சொன்ன தேதிக்குச் சொன்ன நேரத்தில் போங்கள். கட்டை நனைக்காதீர்கள், நடுவில் அவிழ்த்துப் பார்க்காதீர்கள். என்ன தடவினீர்கள், மாத்திரையை எத்தனை நாள் விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைத்தால் நஷ்டம் நமக்கு. கட்டு மாற்றும் வலி அதிகமென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். வயதானவரைத் தனியே அனுப்பாமல் வீட்டில் ஒருவர் கூடப் போய், வீட்டில் எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்டுக் கற்று வாருங்கள். அது தாதியின் பாரத்தில் ஒரு பகுதியை நாம் தூக்குவதாகும். ஆறியதும் ஒரு நாள் போய்க் காலைக் காட்டி "நன்றி மிஸ்ஸி" என்று சொல்லுங்கள். ஆறாத புண்களையே நாள் முழுக்கப் பார்க்கிற கண்ணுக்கு அதுவும் மருந்துதான்.

சங்கக் கிளைகளுக்கும் வேலை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் உட்கார வேண்டும். அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்: முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது, உள்ளே பஞ்சும் கட்டுத் துணியும் கையுறையும் இருக்கின்றனவா, அல்லது பூட்டும் தூசியும்தான் இருக்கிறதா? ஒவ்வொரு கேங்கிலும் முதலுதவி கற்ற ஒருவர் உண்டா? டெட்டனஸ் ஊசி எப்போது? தோட்டத்தில் மருத்துவ உதவியாளரோ தாதியோ இருந்தால், அவருக்குப் புது முறைகளைக் கற்க விடுப்பும், ஊசி போடும் பெட்டியும், ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியும், சந்தேகம் வந்தால் கேட்க ஒரு டாக்டரின் தொலைபேசி எண்ணும் கொடுத்திருக்கிறார்களா? இவை சலுகை அல்ல. அவர் கை சுத்தமாகவும் பத்திரமாகவும் இருந்தால்தான் நம் காயம் ஆறும்.

இந்தப் பக்கத்தை வெட்டிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். நாளைக் காலை பெரட்டுக்குப் போகும்போது பையில் இரண்டு பொருள் கூடுதலாக இருக்கட்டும்: ஒரு போத்தல் சுத்தமான தண்ணீர், ஒரு சுத்தமான துணி.